விளங்கவில்லை என்று சொன்ன நாள்

தர உறுதிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

ஓய்வுபெற்றுப் போகும்போது ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். கேட்ட நாளில் இருந்து நாலு தாள் கிழித்துப் போட்டுவிட்டேன். எழுத்துப் பிழை வருமோ, யாராவது கோபிப்பார்களோ, நீளமாகப் போய்விடுமோ என்று ஒரே யோசனை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது புதினமில்லை. அலுவலகத்தைப் பூட்டிவிட்டுப் வாசல் படலை வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். நான் சைவக்காரன். ஆனாலும் எங்கள் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக் காலைச் செபத்தில் முதல் ஆளாகக் கண்ணை மூடுகிறவனும் நான்தான். பயந்த மனிதனுக்கு எல்லாச் சாமியும் வேண்டும்.

நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு மட்டும். அப்பாவுக்கு ஏலாமல் போக, புத்தகத்தை வைத்துவிட்டு யாழ்ப்பாணத்து நீர்வேலியில் வாழைத் தோட்டத்துக்கு இறங்கினேன். அப்படிப்பட்டவன் எப்படி ஒரு பல்கலைக்கழகத்தில் படிப்பின் தரத்தை அளக்கிற பிரிவில் இத்தனை காலம் இருந்தான் என்று நீங்கள் யோசிக்கலாம். அளந்தது நான் இல்லை. நான் கதிரை போட்டேன், படிவம் கொடுத்து வாங்கினேன், வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி வைத்தேன். ஆனால் அளக்கிறவர்களுக்குப் பக்கத்தில் நெடுநாள் நின்றவனுக்கும் சில விசயம் பிடிபடும். அதில் ஒன்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அதற்கு முதல் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாடம் முடிந்ததும் மாணவர்களிடம் படிவம் கொடுத்து, விரிவுரையாளர் எப்படி என்று கேட்போம். எல்லாப் பிள்ளைகளும் எல்லாக் கேள்விக்கும் ‘மிக நன்று’ என்று அடையாளம் போட்டுத் தருவார்கள். வகுப்பில் நித்திரை கொண்ட பிள்ளையும் ‘மிக நன்று’தான். படிப்பித்தவரைக் குறைத்து எழுதக் கை வராது. நானும் அப்படித்தான். கூட்டங்களில் பெரியவர்கள் கதைப்பது பாதி எனக்கு விளங்காது. ஆனாலும் “விளங்குதோ ராசன்?” என்று கேட்டால், கேள்வி முடிய முதலே என் தலை ஆடிவிடும்.

இது நடந்த ஆண்டு கொழும்பிலிருந்து மதிப்பீட்டுக் குழு ஒன்று வருவதாக இருந்தது. கோப்புகளைப் பார்ப்பதோடு நில்லாமல் வகுப்புக்குள்ளேயே வந்து இருந்து, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று பார்ப்பார்களாம். அவர்கள் பார்க்கப் போகிற வகுப்பு சுகந்தி மிஸ்ஸுடையது.

சுகந்தி மிஸ் சாவகச்சேரிப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பத்துப் பிள்ளை. மண்ணும் நீரும் பற்றிப் படிப்பிக்க வந்தவர். தகுதிகாண் காலம் முடிகிற தறுவாய். வேலையை நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று நிர்வாகம் இரண்டு மனதாக இருந்தது. அவருடைய வகுப்பில் சத்தம் அதிகம் என்று பக்கத்து அறைக்காரர் முறைப்பாடு. பிள்ளைகளைக் கிணற்றடிக்கும் தோட்டத்துக்கும் கூட்டிக்கொண்டு திரிகிறார் என்று இன்னொரு கதை. குழு வந்து பார்த்துவிட்டு என்ன சொல்கிறதோ அதை வைத்து முடிவெடுப்பம் என்று குருவானவராகிய எங்கள் பல்கலைக்கழகத் தலைவர் சொல்லிவிட்டார். வேலை போனால் மிஸ்ஸுக்கு ஊரில் வேறு வழி இல்லை. தகப்பனுக்குக் கண் தெரியாது. பிள்ளையை நம்பித்தான் வீடு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தபடியால் எனக்குத்தான் அவரைவிட நடுக்கம்.

எங்கள் பிரிவின் பணிப்பாளர் ஐயாவின் பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. எனக்குத் தொழில் பழக்கியவர் அவர். ஞாயிறுகளில் தேவாலயத்துப் பாடகர் குழுவை நடத்துகிறவரும் அவர்தான். எங்கள் வளாகத்தில் கிறிஸ்து பிறப்புக்கு ஒளிவிழா வந்தால் கார்த்திகை மாதமே ஒத்திகை தொடங்கிவிடும். எந்தப் பிள்ளை எந்தப் பக்கத்தால் மேடை ஏறும், எந்த ஆட்டிடையன் எங்கே முழங்காலில் நிற்பான் என்பதெல்லாம் அவர் கணக்கு. அவருக்கு உலகம் முழுக்க ஒளிவிழாதான். ஆகவே குழு வருவதற்கு முதல்நாள் சுகந்தி மிஸ்ஸைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, நாளையான் பாடத்தை இண்டைக்கு ஒருக்காப் படிப்பிச்சுப் பாரும்.”

“சேர், இண்டைக்கே படிப்பிச்சு முடிச்சால் நாளைக்கு என்னத்தைச் செய்யிறது?”

“திரும்பவும் அதையே செய்யும். ஒத்திகை பாக்காமல் ஆரும் மேடை ஏறுறதோ?”

“அது நாடகம் சேர். இது பாடம்.”

“பிடிவாதம் பிடிக்காதையும். உமக்காகத்தான் சொல்லுறன்.”

மிஸ்ஸுக்காகத்தான் சொன்னார். அதில் பொய் இல்லை. மிஸ் பிள்ளைகளைக் கூப்பிடப் போனார். பின்னேரம் ஒத்திகை நடந்தது. எந்தக் கேள்விக்கு யார் கை உயர்த்துவது என்றுகூட ஐயா பங்கு பிரித்துக் கொடுத்தார். பாட்டுக்குக் காட்டுவதுபோல விரலால் காட்டினார். பிள்ளைகள் ஆங்கிலத்தில் கடகடவென்று பதில் சொன்னார்கள். நான் பின்னால் கதிரைகளைத் துடைத்துக்கொண்டு, அப்பாடா, இனிப் பயமில்லை என்று இருந்தேன். அன்று வீட்டில் சோறுகூட ருசித்தது. எனக்கு மனம் அமைதியாக இருந்தால் ஏதோ பிழை வரப் போகிறது என்று என் மனைவி சொல்லுவாள். அன்றைக்கும் சொன்னாள்.

மறுநாள் காலை செபம் முடிந்து வகுப்பு தொடங்கியது. குழுவிலிருந்து ஒரு பேராசிரியை அம்மாவும் வயதான ஒருவரும் வந்து கடைசி வரிசைப் பின்வாங்கில் இருந்தார்கள். அம்மா மட்டக்களப்புக்காரர், தமிழில் நன்றாகக் கதைப்பார். பணிப்பாளர் ஐயா சுவரோரம். நான் கதவடியில், தேத்தண்ணித் தட்டோடு.

பாடம் எங்கள் குடாநாட்டு நிலத்தடி நீர். மிஸ் முதல் கேள்வியைக் கேட்டார். நிரோசன் என்ற பெடியன் எழும்பி அழகாகச் சொன்னான். அடுத்த கேள்வியை மிஸ் பாதி கேட்கவே யாழினி என்ற பிள்ளை பதிலைச் சொல்லி முடித்துவிட்டது. பின்வாங்கில் பேராசிரியை அம்மா தலையை நிமிர்த்தினார். மிஸ் கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஒரு படத்தைக் கீறத் தொடங்கினார். கேள்வி இன்னும் வாயில் வரவில்லை. நிரோசன் எழும்பி நின்று, “ஃபிரெஷ்வோட்டர் லென்ஸ் மிஸ்!” என்றான், நன்னீர் வில்லையாம்.

வகுப்பு முழுக்கச் சிரிப்பை அடக்கத் தொடங்கியது. முன்வாங்கில் ஒரு பிள்ளைக்கு இருமல் வந்தது. அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். பேராசிரியை அம்மா பேனையை மூடி வைத்தார். நான் தட்டிலிருந்த கிளாசுகளை எண்ணத் தொடங்கினேன்.

மிஸ் திரும்பி வகுப்பைப் பார்த்தார். பிறகு பின்வாங்கைப் பார்த்தார். வெண்கட்டியை மேசையில் வைத்தார்.

“மன்னிக்கோணும் மடம். இந்தப் பாடம் நேற்று நடந்து முடிஞ்சுது. நீங்கள் இப்ப பாக்கிறது நேற்றையான் பாடம்.”

யார் ஒத்திகை வைத்தது என்று மிஸ் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார் என்று தெரிந்தது. அப்போது சுவரோரம் கதிரை கிரீச்சிட்டது. பணிப்பாளர் ஐயா எழும்பி நின்றார்.

“வைக்கச் சொன்னது நான். பிள்ளை வேண்டாமெண்டுதான் சொன்னது.”

சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். தம்பிமாரே, அந்த மனிதரிடம் நான் படித்ததில் பெரியது அந்த எழும்பி நின்றதுதான். விளக்கம் ஒன்றும் கொடுக்கவில்லை. என் நோக்கம் நல்லது என்று இழுக்கவில்லை. சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லி இருந்துவிட்டார். உங்களுக்கும் ஒரு நாள் அப்படி வரும். அன்றைக்கு வசனத்தைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பேராசிரியை அம்மா கேட்டார்: “சரி மிஸ், இப்ப என்ன செய்யப் போறீங்க?”

“இவையளுக்கு இது உண்மையா விளங்கினதோ எண்டு எனக்கும் தெரியாது மடம். பாப்பம்.” அங்கும் இங்கும் பார்த்த மிஸ்ஸின் கண் கதவடியில் நின்றது. “ராசன் அண்ணை, தட்டை வைச்சிட்டு இஞ்சை வாங்கோ.”

தட்டை மேசையில் வைத்தேன். நிரோசன் ஒரு கதிரையை நடுவில் இழுத்துப் போட்டான். நான் அதில் இருந்தேன். பல்லுப் பிடுங்குகிற இடத்தில் இருப்பதுபோல இருந்தது.

“பிள்ளையள், நேற்றுப் படிச்சதை ராசன் அண்ணைக்குச் சொல்லிக் குடுங்கோ. தமிழிலை. அவர் விளங்கினது எண்டு சொன்னால்தான் பாடம் முடியும்.” பிறகு என்னிடம் குனிந்து மெல்லச் சொன்னார். “அண்ணை, எனக்காகத் தலையாட்டக் கூடாது. சரியே?”

நான் உடனே தலையாட்டினேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

நிரோசன் தொடங்கினான். “அண்ணை, அடர்த்தி வேறுபாடு காரணமாக நன்னீரானது உவர்நீரின் மேல் மிதக்கின்ற வில்லை வடிவிலான ஒரு படையாக...” ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தை உங்களுக்கு எப்படிச் சொல்லுவது? என் தலை தன்பாட்டில் கீழே இறங்கத் தொடங்கிவிட்டது. அது நெடுநாள் பழக்கம். ஆட்டினால் போதும், பாடம் முடிந்துவிடும், குழு சாப்பிடப் போய்விடும், மிஸ் தப்பிவிடுவார் என்று ஒரு மனம் சொன்னது. விளங்கவில்லை என்றால், படிப்பித்தது சரியில்லை என்று அவர்கள் எழுதிவிடுவார்களே, மிஸ்ஸின் தகப்பனுக்கு யார் சோறு போடுவது என்று அதே மனம் கேட்டது. மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குழுவையும் பார்க்கவில்லை. நிரோசனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அவன் சொன்னதில் அவனுக்கே எவ்வளவு பிடிபட்டது என்று தேடுகிற பார்வை அது. வேலை போகுமோ என்று இருக்கிற ஆள் அந்த நேரத்திலும் பிள்ளையைப் பார்க்கிறாரே என்று எனக்குள் ஏதோ இளகியது. இந்த ஆளுக்குப் பொய்த் தலையாட்டு வேண்டாம் என்று தோன்றியது.

“விளங்கேல்லை தம்பி,” என்றேன்.

என் குரலை எனக்கே அடையாளம் தெரியவில்லை. பணிப்பாளர் ஐயா கண்ணை மூடிவிட்டார். செபம் செய்தாரோ தெரியாது.

“எது விளங்கேல்லை அண்ணை?” என்றான் நிரோசன்.

“ஒண்டும்.”

யாழினி எழும்பினாள். “நான் சொல்லுறன் அண்ணை. தண்ணிக்கு மேலை தேங்காயெண்ணெய் ஊத்தினால் மிதக்குந்தானே? அதுபோலத்தான், நிலத்துக்குக் கீழை உப்புத் தண்ணிக்கு மேலை நல்ல தண்ணி மிதக்குது.”

இந்த முறை தலை ஆடவில்லை. ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்தமுறை வாய் தானாக வருகிறது. “எண்ணெய் தண்ணியோடை கலக்காது பிள்ளை. உப்புத் தண்ணியும் நல்ல தண்ணியும் கலக்குமே. சொதிக்கு உப்புப் போட்டால் உப்பு ஒரு பக்கம் சொதி ஒரு பக்கமோ நிக்குது?”

“அதானே,” என்றான் பின்னால் ஒருவன்.

“நீ கதையாதை, உனக்கும் தெரியாது,” என்றாள் யாழினி.

“எனக்குத் தெரியாதெண்டுதானே ‘அதானே’ எண்டனான்.”

தங்களுக்குள் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. ஒருவர் புத்தகத்தைத் திறந்தார், இன்னொருவர் பறித்து மூடினார். குழு பின்னால் இருப்பதையே மறந்துவிட்டார்கள். பக்கத்து அறைக்காரர் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மிஸ் கையைக் கட்டிக்கொண்டு ஒரு சொல்லும் சொல்லாமல் நின்றார். எனக்கோ, வாயைத் திறவுங்கோ மிஸ், விடையைச் சொல்லிக் காப்பாற்றுங்கோ என்று கத்த வேண்டும்போல. அவர் சொல்லவில்லை. அப்படிச் சும்மா நிற்பது எவ்வளவு கடினம் என்று, இதற்குப் பிறகு வகுப்புகளுக்குப் போய்ப் பார்க்கும்போது உங்களுக்குத் தெரியும். படிப்பிக்கிறவர் எவ்வளவு கதைக்கிறார் என்று மட்டும் பார்த்து வராதீர்கள்.

கடைசியில் நிரோசன் கேட்டான். “கலக்கினால் கலக்கும். ஆரும் கலக்காட்டில்?”

அவ்வளவுதான். ஒருத்தி சிற்றுண்டிச்சாலைக்கு ஓடினாள் உப்புக்கு. நான் குழுவுக்கென்று கொண்டுவந்த, பால் விடாத பிளேன்ரீ ஆறிப்போய் இருந்தது. அதில் ஒரு கிளாசுக்குள் நிரோசன் உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினான். அதன்மேல் நல்ல தண்ணியை ஊற்றினான். எல்லாம் கலங்கி ஒரே நிறமாகிவிட்டது.

“பாத்தியே, கலக்குது,” என்றான் பின்னால் இருந்தவன்.

“நீ அருவிபோல ஊத்தினால் கலக்காதே? கரண்டியைத் தா.” யாழினி இன்னொரு கிளாசை எடுத்தாள். உப்புப் போட்ட தேத்தண்ணியின் மேல்விளிம்பில் கரண்டியைப் பிடித்து, கரண்டிமேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணியை விட்டாள். வகுப்பு மேசையைச் சுற்றிக் கூடிவிட்டது. பேராசிரியை அம்மா எழும்பி வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

கீழே மண்ணிறம். மேலே பளிங்குபோலத் தெளிந்த தண்ணி. நடுவில் ஒரு கோடு. கிளாசைத் தூக்கிக் காட்டினாள். “ஆ!” என்று வகுப்பே ஒரு குரலில் சொன்னது. அந்த ‘ஆ’வுக்கு யாரும் ஒத்திகை பார்க்கவில்லை.

“இப்பிடித்தான் அண்ணை, எங்கடை நிலத்துக்குக் கீழையும். பெய்யிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள்ளாலை மெல்ல மெல்ல இறங்கி மேலை நிக்குது. கடல் தண்ணி பாரம் கூடினது. அது கீழை நிக்குது. ஆரும் கரண்டி போட்டுக் கலக்கிறேல்லை,” என்றாள் யாழினி.

“அப்ப கிணறு?” என்று கேட்டேன்.

நிரோசன் தட்டில் சோடா உறிஞ்ச வைத்திருந்த ஸ்ரோ ஒன்றை எடுத்து மேல் தண்ணிக்குள் விட்டான். “இதுதான் கிணறு. மெல்ல உறிஞ்சுங்கோ.”

உறிஞ்சினேன். நல்ல தண்ணி.

“இப்ப மோட்டரைக் கூட்டுங்கோ. பலமா.”

நான் சொன்ன சொல் கேட்கிறவன். முழுப் பலத்தோடு இழுத்தேன். மண்ணிறம் கீழிருந்து கூம்புபோல எழும்பி ஸ்ரோவுக்குள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இழுத்தேன். வாய் நிறைய உப்புத் தேத்தண்ணி. என் முகம் போன போக்கைப் பார்த்து வகுப்பு மேசையில் அடித்துச் சிரித்தது. வயதான மதிப்பீட்டாளரும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பணிப்பாளர் ஐயா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு நீர்வேலி ஞாபகம் வந்துவிட்டது.

“ஐயோ, தம்பியின்ரை கிணறு,” என்றேன்.

பேராசிரியை அம்மா என் முன்னால் ஒரு வாங்கில் வந்து இருந்தார். “என்ன அண்ணன், உங்கட சொல்லுல எனக்குச் சொல்லுங்க பாப்பம்.”

பயப்பட நேரம் இருக்கவில்லை. சொன்னேன். என் தம்பி போன வருசம் பெரிய மோட்டர் பூட்டினான். விடிய விடிய இறைத்தான். இப்போது வாழை இலையெல்லாம் ஓரம் கருகுது, தண்ணி உப்புச் சவர்க்குது. கிணறு போதாது, இன்னும் ஆழமாக்க வேண்டும் என்று நாளைக்குக் கிணறு வெட்டுகிற ஆட்களைச் சொல்லி வைத்திருக்கிறான். ஆழமாக்கினால் அவன் ஸ்ரோவை அந்தக் கோட்டுக்குக் கீழேயல்லவா விடப் போகிறான்? மேலே இருக்கிற நல்ல தண்ணியை மெல்ல எடுக்க வேண்டும், ஒரேயடியாக உறிஞ்சக் கூடாது. மழைக்கு அது திரும்பச் சேர நேரம் கொடுக்க வேண்டும்.

“சரியே பிள்ளையள்?” என்று நிரோசனைக் கேட்டேன்.

“சரி அண்ணை,” என்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். முதலில் வில்லை, படை என்று சொன்னபோது இருந்த முகம் இல்லை அது. அவனுக்கும் அப்போதுதான் விளங்கியிருக்கிறது.

“அப்ப எனக்கு விளங்கினது மிஸ்,” என்றேன். பாடம் முடிந்தது.

ஆனால் என் பயம் முடியவில்லை. பின்னேரம் குழு எல்லோரையும் கூட்டிக் கருத்துச் சொல்லுகிற நேரம். நானும் கதவடியில் நின்றேன். நூலகத்தில் குறை சொன்னார்கள். ஆய்வுகூடத்தில் குறை சொன்னார்கள். ஒவ்வொரு குறைக்கும் அடுத்தது மிஸ்தான் என்று நினைத்தேன். பிறகு பேராசிரியை அம்மா எங்கள் தலைவர் பக்கம் திரும்பினார்.

“காலையில ரெண்டு வகுப்புப் பாத்தம் ஃபாதர். ரெண்டும் ஒரே அறையில, ஒரே பிள்ளைகளோட. முதல் வகுப்புல பிள்ளைகள் எல்லாம் சரியாச் சொன்னாங்க, ஒண்டும் படிக்கல்ல. ரெண்டாவதுல பிழை பிழையாச் சொன்னாங்க, படிச்சாங்க. அந்த ரெண்டாவது வகுப்பை நடத்தின மிஸ்ஸை விட்டுடாதீங்க. பக்கத்து அறைக்குச் சத்தம் கேட்டா கதவைச் சாத்தச் சொல்லுங்க.”

தலைவர் சிரித்தார். பிறகு பணிப்பாளர் ஐயாவைப் பார்த்து, “ஒளிவிழாவுக்கு மட்டும் ஒத்திகை,” என்றார். ஐயா இரண்டு கையையும் தூக்கினார், சரணடைகிற ஆள்போல. அந்த வாரமே சுகந்தி மிஸ்ஸை நிரந்தரமாக்கினார்கள்.

அன்று பின்னேரம் நான் சைக்கிளில் நேரே தம்பியின் தோட்டத்துக்குப் போனேன். மறுநாள் கிணறு வெட்ட ஆட்கள் வர வேண்டாம் என்றேன். “அண்ணை, நீங்கள் எப்ப எஞ்சினியர் ஆனனீங்கள்?” என்று அவன் நக்கலடித்தான். அவன் வீட்டிலேயே கிளாசும் உப்பும் பிளேன்ரீயும் வாங்கிக் காட்டினேன். அவசரப்பட்டு ஊற்றியதில் முதல் கிளாஸ் கலங்கியது. இரண்டாவது வந்தது. அவன் நெடுநேரம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தான். பழைய சின்ன மோட்டரை மறுபடியும் பூட்டினான்.

சில நாள் கழித்துச் சுகந்தி மிஸ் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் கேக் பெட்டி. எல்லோருக்கும் கொடுத்துவிட்டு என் மேசையடியில் நின்றார்.

“அண்ணை, ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லோணும். அண்டைக்கு உங்களுக்கு விளங்கினதோ? இல்லாட்டில் எனக்கு வேலை போயிடுமெண்டு பயந்து சும்மா சொன்னியளோ?”

அவருக்கும் பயம் இருந்திருக்கிறது, பாருங்கள். என்னைப்போலவே. அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நேரம் முழுக்க இருந்திருக்கிறது.

“மிஸ், உங்களுக்கு வேலை போயிடுமெண்டு பயந்து பயந்துதான் விளங்கேல்லை எண்டு சொன்னனான். அந்தப் பயத்திலையே அதைச் சொன்ன ஆள், விளங்கினது எண்டு ஏன் பொய் சொல்லப் போறன்?”

மிஸ் கேக் பெட்டியை என் மேசையில் வைத்தார். பிறகு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“அப்ப வாற செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு வாங்கோ. புதுப் பாடம். எனக்கே இன்னும் வடிவாச் சொல்ல வரேல்லை.”

“நானோ? ஒன்பதாம் வகுப்பு மிஸ் நான்.”

“அதுக்குத்தான் கூப்பிடுறன்.”

போனேன். நிரோசன் பக்கத்தில் இடம் தந்தான். மிஸ் பாடத்தைத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டேன். பிறகு கையை உயர்த்தினேன்.